மோட்டாரைத் தூக்குவதற்கு முன்னால்

அக்கா வீட்டில் தண்ணீருக்கு பிரஷர் இல்லை என்ற பேச்சு மாசியிலேயே தொடங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் போகும் பக்கம், தென்னந்தோப்புக்குள் இருக்கும் மாடி வீடு. குடிக்கப் பஞ்சாயத்துக் குழாய். மற்ற எல்லாவற்றுக்கும் தோட்டத்துக் கிணறுதான்.

ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். மாடி ஷவரில் நூல் மாதிரி வருகிறது என்றாள் அக்கா. மோட்டார் ஓட ஆரம்பித்தால் நிற்பதே இல்லை, கரண்ட் பில் ஏறிவிட்டது என்பது மாமாவின் கவலை. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் குழாயில் முதலில் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது என்றான் பையன். மூன்று பேரும் சேர்ந்து அதற்கு வைத்த பெயர் ஒன்றுதான்: ‘பிரஷர் இல்லை.’ சித்தூரிலிருந்து வந்து பார்த்த பிளம்பர் சேட்டனும் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து சொல்லிவிட்டார். “இம்பெல்லர் தேஞ்சு போயி. மோட்டோர் பொக்கணும்.” பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மேலே தூக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஐம்பது அடிக்குக் கீழே கிடக்கும் மோட்டாரைத் தூக்குவது என்றால் ஆள் கூலி, கப்பி, கயிறு, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத வீடு. தூக்கிய பிறகு ஒன்றும் இல்லை என்றால் இறக்குவதற்கு மறுபடி கூலி. மாமா போனில், “மாப்ளே, நீ ஒருக்கா பாத்துச் சொல்லிரு. அப்புறம் தூக்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம்” என்றார். கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் எனக்குப் பராமரிப்பு வேலை. பம்பும் பைப்பும் தினமும் பார்ப்பவைதான். என் கட்சி ஆரம்பத்திலிருந்தே இதுதான்: குழாயை மூடி வைத்திருக்கும்போது குறைகிற பிரஷர் ஒரு நோய், திறந்ததும் குறைகிற பிரஷர் வேறு நோய். பிரஷரை அளக்கும் ஒரு நல்ல கேஜும் இரண்டு வால்வும் இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். பிரிக்காமல் மோட்டார்மேல் கை வைக்கக் கூடாது.

முதலில் லைன் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். கிணறு 55 அடி. மேலே கரிசல், அதற்குக் கீழே பாறை. அடியில் ஒரு ஹெச்பி ஓப்பன்வெல் சப்மெர்சிபிள், தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடும் மோட்டார். அதிலிருந்து ஒன்றேகால் இஞ்ச் கறுப்பு ஹோஸ் மேலே வருகிறது. கிணற்று மேட்டில் ஒரு என்ஆர்வி, அதாவது ஏறிய தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வ். அதை ஒட்டித் திறந்து மூட ஒரு பால் வால்வ். இதை ‘கிணற்று வால்வ்’ என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மண்ணுக்கு அடியில் பிவிசி பைப் வீட்டுப் பின்சுவர் வரை போகிறது. சுவரோரம் 60 லிட்டர் பிரஷர் டேங்க், உள்ளே ரப்பர் பையில் இருக்கும் தண்ணீரை அடைத்து வைத்த காற்று தள்ளும். அதன் கழுத்தில் கேஜும், பிரஷரைப் பார்த்து மோட்டாரைப் போட்டு அணைக்கும் பிரஷர் சுவிட்சும். அதற்கு அப்புறம் இன்னொரு பால் வால்வ், இது ‘வீட்டு வால்வ்’. பிறகு ஃபில்டர், அதைத் தாண்டி வீட்டு லைன்கள். மொட்டைமாடியில் டேங்க் கிடையாது. வீடு கட்டும்போதே, மேல் டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு மாடி பாத்ரூமில் வேகம் இருக்காது என்று இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். நியாயம்தான். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குத்தான் ஒரு கிலோ பிரஷர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை. மொட்டைமாடி டேங்க் மாடி ஷவருக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது கால் கிலோகூட இல்லை.

முதல் வேலை கேஜை நம்பலாமா என்று பார்ப்பது. மெயினை அணைத்துவிட்டுக் கீழ்க் குழாய் எல்லாவற்றையும் திறந்து விட்டேன். தண்ணீர் நின்ற பிறகும் முள் ஒன்றரையில் நின்று சிரித்தது. அதாவது இத்தனை மாதமாக இந்த வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது செத்துப்போன முள்ளை. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கரிசலுக்குள்ளேயே வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் கிடக்கும். கேஜின் ஊசித் துவாரம் அடைவதற்கு ஒரு வருஷம் போதும். பொள்ளாச்சியில் கால் இஞ்ச் கேஜ் இரண்டு வாங்கி வந்தேன். அதில் ஒரு விஷயம்: கடையில் 0–10 கிலோ கேஜைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் 2.6-க்கும் 2.4-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வேலைக்கு 0–4 கிலோ கேட்டு வாங்க வேண்டும்.

புதுக் கேஜை மாட்டி மோட்டாரைப் போட்டேன். வீட்டுக் குழாய் எல்லாம் மூடியிருக்கிறது. முள் விறுவிறுவென்று ஏறியது. 2 வந்தது, 2.4 வந்தது, 2.6-ல் போய் நின்றுவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுவிட்சின் கட்-ஆஃப், அதாவது மோட்டாரை அணைக்கும் அளவு, 2.8. மோட்டார் அந்த இரண்டு புள்ளியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மாமாவின் புகார் இதோ கண்ணுக்கு முன்னால்.

பிளம்பர் சேட்டன் இதைத்தான் இம்பெல்லர் தேய்மானம் என்று சொல்லியிருப்பார். அப்படியும் இருக்கலாம்தான். ஆனால் அதற்குத் தூக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி இறக்கி, தண்ணீரில் படும் சத்தம் வந்த இடத்தில் முடிச்சுப் போட்டு அளந்தேன். மேட்டிலிருந்து தண்ணீர்வரை 45 அடி, கிட்டத்தட்ட 13.7 மீட்டர். கேஜ் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக மோட்டார் முதலில் தண்ணீரை 14.7 மீட்டர் தூக்குகிறது, அதற்கு மேல் 2.6 கிலோ, அதாவது 26 மீட்டர் அழுத்தமும் தருகிறது. மொத்தம் 40.7 மீட்டர். மோட்டாரோடு வந்த அட்டையை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். அதில் இந்த மாடலின் உச்ச ஹெட், அதாவது அதிகபட்சம் தூக்கும் உயரம், 42 மீட்டர் என்று போட்டிருக்கிறது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது தண்ணீர் ஓட்டம் அநேகமாக இல்லை, அதனால் பைப் உராய்வில் போகும் நஷ்டமும் கணக்கில் வராது. 42-க்கு 40.7 தருகிற பம்பைத் தேய்ந்தது என்று சொல்ல முடியாது. இம்பெல்லர் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் குறைந்தது எது? கிணற்றுத் தண்ணீர்தான். கார்த்திகையில் இதே கிணற்றில் தண்ணீர் 15 அடியில் நிற்கும். அப்போது தூக்குவதற்குச் செலவு ஐந்தரை மீட்டர்தான், மிச்சம் மூன்றரைக் கிலோவுக்கு மேல் கேஜில் ஏறும். 2.8 என்ற கட்-ஆஃப் சுலபம். கோடையில் தண்ணீர் 30 அடி கீழே போனால் கேஜில் முழுசாக 0.9 கிலோ போய்விடும். பம்ப் மாறவில்லை, சுவிட்ச் மாறவில்லை, நடுவில் கிணறு இறங்கிவிட்டது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்கள் சித்தூர் தாலுகாவுக்கு வைகாசிக்கு முன்னால் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் கிணறும் காயும், மனுஷனும் காய்வான். 1970 ஒப்பந்தப்படி பரம்பிக்குளம்–ஆளியாறு திட்டத்தில் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அந்தத் தண்ணீர் மூலத்தறை அணைக்கட்டுக்கு வந்து வாய்க்காலில் ஓடும் நாட்களில் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஏறும், அடைத்தால் இறங்கும். மாமா காலையில் எழுந்ததும் பேப்பரில் தேடுவது அந்தச் செய்தியைத்தான். ஆனால் வாய்க்கால் அடைத்தால் பிரஷர் சுவிட்சையும் மாற்ற வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சுவிட்ச் செட்டிங்குக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் பையனின் புகார், அந்தக் காற்று.

இது மூடியிருக்கும்போது குறைகிற வகை. இதற்குச் சோதனை ரொம்ப எளிது, பொறுமைதான் வேண்டும். மோட்டாரை 2.6 வரை ஏற்றி, மெயினை அணைத்தேன். மெயினை அணைப்பது முக்கியம். வால்வை மூடிச் சோதிக்கும்போது சுவிட்ச் தானாக மோட்டாரைப் போட்டுவிட்டால் பம்ப் மூடிய வால்வோடு முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு வீட்டு வால்வை மூடினேன். இப்போது வீட்டுக்குள் எங்கு ஒழுகினாலும் கேஜுக்குத் தெரியாது. பத்து நிமிஷத்தில் முள் 2.6-லிருந்து 1.5-க்கு வந்துவிட்டது. ஆகவே பெரிய ஒழுக்கு வீட்டுக்குள் இல்லை. கழிப்பறை ஃபிளஷ் டேங்கில் ஆரம்பித்து எல்லாக் குழாய்களின் வாஷரையும் மாற்றலாம் என்று இருந்த மாமாவுக்கு அதில் ஒரு செலவு மிச்சம்.

அடுத்து, மறுபடி ஏற்றிக் கிணற்று வால்வையும் சேர்த்து மூடினேன். இப்போது சோதனையில் இருப்பது மண்ணுக்கடியில் போகும் பைப்பும் டேங்கும் மட்டும். முள் நின்றுவிட்டால் குற்றவாளி என்ஆர்வி. அதே வேகத்தில் இறங்கினால் மண்ணுக்குள் உடைப்பு. முள் இரண்டும் செய்யவில்லை. அரைமணி நேரத்தில் 2.6-லிருந்து 2.3-க்கு மெதுவாக இறங்கியது. அப்படியென்றால் இரண்டு இடத்திலும் ஒழுகுகிறது. பெரியது என்ஆர்வி, சின்னது மண்ணுக்குள்.

பழுது பார்க்கும் ஆட்களில் பலரும் வழி தவறுவது இந்த இடத்தில்தான். என்ஆர்வியை மாற்றியதும் முள் இறங்கும் வேகம் குறையும், ‘சரியாயிடுச்சு’ என்று கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருக்கும் சின்ன ஒழுக்கு இன்னும் ஒரு மாதத்தில் பெரிதாகி, அடுத்த ஆள் வந்து முதல் ஆளைத் திட்டுவார்.

என்ஆர்வியின் இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) இருந்தது புண்ணியம். பைப்பை அறுக்காமல் கழற்றி எடுக்க முடிந்தது. உள்ளே ஸ்பிரிங் வைத்த பித்தளை வகை. மூடி வந்து உட்காரும் சீட்டைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு. அதைவிட முக்கியம், ரப்பருக்கும் சீட்டுக்கும் நடுவில் டெஃப்லான் டேப்பின் ஒரு நார் சிக்கிக்கொண்டிருந்தது. முன்பு யாரோ திரெட்டின் நுனிவரைக்கும் டேப் சுற்றியிருக்கிறார்கள். முதல் திரெட்டை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், நுனியில் தொங்கும் டேப் கிழிந்து தண்ணீரோடு போய் இப்படி எங்காவது உட்காரும். தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் மேலே இருக்கிற அத்தனை தண்ணீரும் ராத்திரியில் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

சுண்ணாம்புப் பொருக்கைக் கழிவறை ஆசிட்டில் போட்டால் நொடியில் கரையும். பித்தளையையும் கூடவே அரித்துவிடும். வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். நான் அதைச் சுத்தம் செய்து ஸ்பேராக வைத்துவிட்டு, புதிது ஒன்றை மாட்டினேன். ரப்பர் சீட்டில் கோடு விழுந்திருந்தால் என்ன சுத்தம் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, இதில் லேசாக விழுந்திருந்தது. மாட்டும்போது வால்வின் உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும். ஆலையிலேயே தலைகீழாக மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மண்ணுக்குள் இருந்த ஒழுக்கைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் நிஜமான தலைவலி. செம்மண்ணில் பைப் ஒழுகினால் மேலே ஈரம் தெரியும், புல் முளைக்கும். கரிசல் அப்படி இல்லை. கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். ஒழுகுகிற தண்ணீரை அந்த வெடிப்பு வாங்கிக்கொண்டு கீழே அனுப்பிவிடும், மேலே ஒரு பொட்டு ஈரம் இருக்காது. கம்பியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை, ஒழுக்கு அவ்வளவு சின்னது.

எங்கே தோண்டுவது என்பதற்கு மண்ணின் குணத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதற்குள் கிடக்கும் பைப்பும் வருஷா வருஷம் கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் என்று அசையும். நடுவழியில் அசைந்தால் பரவாயில்லை, பிவிசி வளைந்து கொடுக்கும். எங்கே ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் முறியும். இந்த லைனில் அப்படி இரண்டு இடம்: கிணற்று மேட்டின் சிமெண்ட், வீட்டு அஸ்திவாரச் சுவர். மேடு வெளியே தெரிகிறது, அங்கே ஈரம் இல்லை. சுவரோரம் தோண்டினோம். தென்னைக்குக் கள் இறக்க வரும் அண்ணன் காலையில் பார்த்துவிட்டு, “இந்த மூலையில மட்டும் எலி வளை எப்பவும் ஈரமாத்தான் இருக்கும், நான் அப்பவே நெனச்சேன்” என்றார். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டடி ஆழத்தில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்த காலரில் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் இணைப்பு) விரிசல். சுவருக்குள் பைப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, உடனே அடுத்து ஒரு காலர் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மண் அசையும்போதெல்லாம் அத்தனை வலியும் அந்தக் காலருக்குத்தான். பிரஷர் இருக்கும்போது அது வெளியே கசியும். ராத்திரியில் பழைய என்ஆர்வி வழியாகத் தண்ணீர் கிணற்றுக்கு இறங்கும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, அதே விரிசல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். காலையில் குழாயில் புஸ்ஸென்று வந்தது அதுதான். காற்று மட்டும் வந்தால் சரி. எலி வளைச் சேறும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கும் என்று சொன்னதும் அக்கா முகம் சுளித்துக்கொண்டே போய்ப் பல் விளக்கும் தம்ளரை வெந்நீரில் போட்டாள்.

சரிசெய்யும்போது பழையபடியே ஒட்டினால் அடுத்த சித்திரையில் மறுபடி தோண்ட வேண்டும். சுவரில் இருந்த சிமெண்டை உடைத்து, இரண்டு இஞ்ச் பைப் துண்டை ஓட்டைக்குள் வைத்து, அதற்குள் தண்ணீர் பைப்பைச் சும்மா நுழைத்தோம். இப்போது பைப்பைச் சுவர் பிடித்துக்கொள்ளவில்லை. சுவருக்கு வெளியே மூன்றடிக்குப் பிவிசிக்குப் பதிலாகக் கறுப்பு ஹோஸ், இரண்டு முனையிலும் கம்ப்ரஷன் ஃபிட்டிங். ஹோஸை விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தொய்வாக விட்டோம். சுற்றிலும் ஆற்றுமணல் போட்டு மூடினோம், கரிசல் நேராகப் பைப்பைத் தொடாதபடி. ஒரு நாள் விட்டு, 2.6 வரை ஏற்றி, மெயினை அணைத்து, இரண்டு வால்வையும் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் 2.5. ராத்திரி குளிருக்கே அந்த ஒரு புள்ளி போகும்.

இனி டேங்க். டேங்க் பின்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே காற்று அடைக்கும் வால்வ் இருக்கிறது, சைக்கிள் டியூபில் இல்லை, பைக் டியூபில் இருக்கிற அதே மாதிரி. ஊசியை அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் சொட்டினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம், பையை மாற்ற வேண்டியதுதான். இதில் தண்ணீர் வரவில்லை, காற்றும் கிட்டத்தட்ட வரவில்லை. ரப்பர் வழியாகக் காற்று மெல்ல மெல்லப் போய்விடும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். இந்த டேங்கை வைத்த நாளிலிருந்து யாரும் அந்த மூடியைத் திறந்ததாகத் தெரியவில்லை.

காற்றின் அளவுக்கு ஒரு விதி உண்டு: சுவிட்ச் மோட்டாரைப் போடும் பிரஷரைவிட (கட்-இன்) 0.2 கிலோ குறைவாக இருக்க வேண்டும். அளப்பது டேங்க் முழுக்கக் காலியாக இருக்கும்போது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் பிரஷரைத்தான் அளக்கிறோம். கட்-இன் 1.4, கட்-ஆஃப் 2.8 என்றால் காற்று 1.2. இந்த 60 லிட்டர் டேங்க் அப்போது மோட்டார் ஓடாமலே ஒரு முறைக்குச் சுமார் 20 லிட்டர் தரும். காற்று இல்லாமல் இருந்தால் 9 லிட்டர்தான். ஒரு வாளிகூட இல்லை. மழைக்காலத்தில் மோட்டார் அடிக்கடி விழுந்து விழுந்து எழுந்திருக்க இதுதான் காரணமாக இருந்திருக்கும். சுவிட்சுக்குள் கான்டாக்ட் கரிந்திருந்ததும் அதைத்தான் சொன்னது.

சுவிட்சுக்குப் போனேன். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும், உள்ளே திறந்த கான்டாக்ட்டில் 230 வோல்ட். இரண்டு ஸ்பிரிங் இருக்கும். பெரிய நட்டைத் திருகினால் கட்-இன், கட்-ஆஃப் இரண்டும் சேர்ந்து ஏறும், இறங்கும். சின்ன நட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மாற்றும். சுவிட்ச் உட்கார்ந்திருக்கும் கால் இஞ்ச் நிப்பிளையும் கழற்றினேன், துவாரம் சுண்ணாம்பில் அடைந்து ஒரு ஊசிதான் நுழைந்தது. இப்படி இருந்தால் டேங்கில் பிரஷர் ஏறியும் சுவிட்சுக்குத் தாமதமாகத்தான் தெரியும். குத்திச் சுத்தம் செய்துவிட்டேன்.

கோடைக்கு என்று கட்-இன் 1.0, கட்-ஆஃப் 2.2 வைத்தேன். பம்ப் 2.6 வரை தருகிறது, அதனால் 0.4 கையிருப்பு. சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்கினாலும், தண்ணீர் இன்னும் மூன்று நான்கு அடி கீழே போனாலும் கட்-ஆஃப் ஆகிவிடும். டேங்க் காற்றையும் அதற்கேற்ப 0.8-க்கு இறக்கினேன். டயர் கேஜில் பார்ப்பவர்களுக்கு அது பதினொன்றரை பிஎஸ்ஐ. இந்த செட்டிங்கிலும் ஒரு முறைக்கு 20 லிட்டர் கிடைக்கிறது. மாமா மோட்டார் ஓடுவதையும் நிற்பதையும் வெளித்திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “நின்னுருச்சு மாப்ளே, நின்னுருச்சு” என்றார், ஏதோ குழந்தை அழுகையை நிறுத்திவிட்ட மாதிரி.

“அதெல்லாம் சரிடா, என் ஷவர்?” என்றாள் அக்கா.

அவள் கேட்டது நியாயம். இத்தனை செய்தும் மாடி ஷவரில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அது வேறு நோய் என்பதுதான் காரணம், திறந்ததும் குறைகிற வகை. இதற்குத்தான் இரண்டாவது கேஜ். ஃபில்டரைத் தாண்டி வாஷிங் மெஷின் குழாயில் அதை மாட்டினேன். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது டேங்க் கேஜ் 2.2, வாஷிங் மெஷின் கேஜும் 2.2. இதைப் பார்த்தால் நடுவில் ஒன்றும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். மாடி ஷவரையும் கீழ் பாத்ரூம் குழாயையும் ஒருசேரத் திறந்தேன். டேங்க் கேஜ் 1.9, வாஷிங் மெஷின் கேஜ் 0.7. தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போது அடைப்பு தன்னைக் காட்டாது. ஓடும்போதுதான் காட்டும். இரண்டு கேஜுக்கும் நடுவில் 1.2 கிலோவை விழுங்குவதற்கு ஃபில்டரைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஃபில்டர் கேட்ரிட்ஜை வெளியே எடுத்தால் கரிசல் சேற்றில் புரண்ட மாதிரி. ஐப்பசியில் மாற்றியது என்றார்கள். கிணற்றில் தண்ணீர் குறையும்போது மோட்டார் அடிச்சேற்றையும் சேர்த்து இழுக்கும், அதோடு அந்த விரிசல் வழியாக வந்த மண்ணும். புதிது போட்டதும் அதே சோதனையில் 1.9-க்கு 1.7. மாடிக்கு மூன்றரை மீட்டர் ஏற்றத்தில் 0.35 போனாலும் ஷவருக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல் மிஞ்சும். ஷவர் முகத்தைக் கழற்றி வினிகரில் போட்டது தனிக்கதை, பாதித் துளை சுண்ணாம்பில் மூடியிருந்தது. மாட்டியபிறகு அக்கா மாடியிலிருந்து கத்தியது தோப்பு வரைக்கும் கேட்டது.

அந்த இரண்டாவது கேஜைக் கழற்றாமல் ஒரு டீ வைத்து ஃபில்டருக்கு அப்புறம் நிரந்தரமாக மாட்டிவிட்டேன். ஷவரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கேஜையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டினால் கேட்ரிட்ஜ் மாற்ற வேண்டும். ஆறு மாதம், மூன்று மாதம் என்று காலண்டர் பார்த்து மாற்றுவதெல்லாம் இந்தக் கிணற்றுக்கு ஒத்துவராது.

பிளம்பர் சேட்டன் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது கணக்கைக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், இல்லை. கயிற்றில் நட்டைக் கட்டி அளந்ததையும் 40.7-ஐயும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, “எனிக்கும் ஒரு நாலு கிலோ கேஜ் மேடிக்கணும்” என்றார், தனக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று.

சுவரில் பென்சிலால் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் முப்பது அடிக்கு மேலே ஏறிவிட்டால்: கட்-இன் 1.4, கட்-ஆஃப் 2.8, காற்று 1.2. அதற்குக் கீழே போனால்: 1.0, 2.2, 0.8. சுவிட்சை மாற்றிவிட்டுக் காற்றை மாற்ற மறந்தால் பாதி வேலைதான் ஆகும். குறிப்பாகக் கோடைக்கு இறக்கும்போது காற்று 1.2-லேயே இருந்து கட்-இன் 1.0-க்கு வந்துவிட்டால், மோட்டார் போடுவதற்கு முன்பே டேங்க் காலியாகிக் குழாயில் ஒரு நொடி தண்ணீரே நின்றுவிடும்.

பாக்கி ஒன்றுதான். மோட்டார் 52 அடியில் கிடக்கிறது, தண்ணீர் 45-ல். நடுவில் ஏழடிதான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக அணைக்கும் டிரை-ரன் கட்-ஆஃப் ஒன்று வைக்கச் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “அடுத்த வாரம் மூலத்தறையில தண்ணி விட்டா கெணறு தானா ஏறிரும் மாப்ளே, அதுக்கு எதுக்கு ஒரு செலவு” என்கிறார். இப்போதைக்குக் கிணற்றுக்குள் ஒரு கயிற்றை நிரந்தரமாகத் தொங்கவிட்டு, 49 அடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அந்தத் துணி தண்ணீருக்கு மேலே தெரிந்தால் மோட்டாரைப் போடக் கூடாது என்று பையனிடம் சொல்லி வந்திருக்கிறேன், மாமாவிடம் இல்லை.